மூச்சுக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு?

பெருநகரங்களில் இப்போது உப்பறைகள் வந்துவிட்டன. சுவர் முழுக்க இளஞ்சிவப்பு உப்புப் பாளங்கள், தரையில் மணல்போலக் கொட்டிப் பரப்பிய உப்பு, சாய்வு நாற்காலி, மங்கிய விளக்கு. மூலையில் ஓர் இயந்திரம் உப்பை மாவாக அரைத்துக் காற்றில் ஊதிக்கொண்டிருக்கும். உள்ளே போய் முக்கால் மணி நேரம் சும்மா சாய்ந்திருந்தால் போதும். விளம்பரத்தில் ஆஸ்துமா, சைனஸ், நாள்பட்ட சளி, கரப்பான், சோரியாசிஸ் என்று நோய்ப் பட்டியல் நீளும். ஒரு தடவை போதாது, பத்துப் பதினைந்து தடவையாவது வர வேண்டும் என்பார்கள். சால்ட் தெரபி என்பது அழைக்கும் பெயர். ஹாலோதெரபி என்பது கொஞ்சம் படித்த பெயர்.

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர் யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள். மணக்குடிப் பாலத்தில் போய் நின்றால் உப்புக் காற்று சும்மா கிடைக்குமே, அதற்கு ஏசி அறை எதற்கு என்று கேட்பார். பெயின்ட் அடித்த ஜன்னல் கம்பியையே அரித்துத் தின்கிற காற்று அது. உப்புக்குக் கூடுதல் விலை கொடுப்பதும் இந்த ஊருக்குப் புதிதல்ல. 1865-இல் திருவிதாங்கூர் அரசு ஆங்கிலேயரோடும் கொச்சியோடும் வணிக உடன்படிக்கை செய்துகொண்டபோது, வாசலில் விளைந்த உப்பையே பிரிட்டிஷ் இந்தியாவின் விலைக்கு வாங்க வேண்டிய நிலை வந்தது.

பாலத்தில் நிற்பவரின் கேள்வி கேலிதான். ஆனால் அதற்குள் நல்ல அறிவியல் கேள்வி ஒன்று இருக்கிறது. உப்பு மூச்சுக்கு நல்லது என்றால் எந்த உப்பு, எவ்வளவு உப்பு, உடம்பில் எங்கே போய் இறங்குகிற உப்பு?

கதை தொடங்குவது கடலோரத்தில் அல்ல, நிலத்துக்கு அடியில். போலந்தில் க்ராக்கோ நகருக்குப் பக்கத்தில் வியலிச்கா என்ற உப்புச் சுரங்கம் உண்டு. பல நூறு ஆண்டுகளாக உப்பு வெட்டிய இடம். அங்கே மருத்துவராக இருந்த ஃபெலிக்ஸ் போச்கோவ்ஸ்கி 1839-இல் உப்புநீர்க் குளியல் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1843-இல் சுரங்கச் சிகிச்சை பற்றி எழுதினார். சுரங்கத் தொழிலாளிகளுக்கு நெஞ்சு நோய் அதிகம் வருவதில்லை என்ற எண்ணம் அப்போதிருந்தே உண்டு. நூறு வருஷம் கழித்து, 1958-இல், மியேச்சிஸ்லாவ் ஸ்குலிமோவ்ஸ்கி என்ற மருத்துவர் அதே சுரங்கத்தின் அடியில் ஆஸ்துமா நோயாளிகளைத் தங்கவைத்துச் சிகிச்சை தர ஆரம்பித்தார். உக்ரைனின் சோலோத்வினோவிலும் அப்படியொரு மருத்துவமனை வந்தது. பாகிஸ்தானின் கேவ்ரா சுரங்கத்தில் 2007-இல் வந்தது. நம் கடைகளில் இமயமலை உப்பு என்று விற்கும் இளஞ்சிவப்புக் கல் பெரும்பாலும் கேவ்ரா பக்கத்துச் சரக்குதான். அங்கிருந்து இமயமலை வெகு தூரம் என்பது வேறு விஷயம். சுரங்கத்துக்கு எல்லோராலும் போக முடியாது அல்லவா? 1980-களில் சோவியத் ரஷ்யாவில் சுரங்கக் காற்றை மேலே கொண்டுவர உப்பு ஊதும் இயந்திரம் செய்தார்கள். இன்றைய உப்பறைக்கு மூலம் அதுதான்.

இந்த வரலாற்றில் இரண்டு இடத்தில் இடறுகிறது.

ஜெர்மனியின் என்னபெட்டால் ஊரில் க்ளூட்டர்ட் குகை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்குப் பயந்து ஜனங்கள் அதற்குள் ஒதுங்கினார்கள். அவர்களில் மூச்சுத் தொந்தரவு இருந்தவர்களுக்கு உள்ளே இருக்கும்போது தேவலை ஆவதை டாக்டர் ஸ்பன்னாகெல் கவனித்தார். குகைச் சிகிச்சை மறுபடி சூடு பிடிக்க அதுவும் ஒரு காரணம். ஆனால் க்ளூட்டர்ட் சுண்ணாம்புப் பாறைக் குகை. அங்கே உப்பே கிடையாது! மகரந்தம் இல்லை, புகை இல்லை, வெயிலும் குளிரும் மாறிமாறி அடிப்பதில்லை. நுரையீரலுக்கு அந்த ஓய்வே போதுமானதாக இருந்திருக்கலாம். வியலிச்காவில் நடந்ததில் உப்பின் பங்கு எவ்வளவு, குகையின் பங்கு எவ்வளவு என்று அன்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

அடுத்தது, தொழிலாளியைப் பார்த்து முடிவு கட்டுவதில் உள்ள சறுக்கல். இழுப்பு உள்ளவன் சுரங்கத்துக்கு வேலைக்கே போகமாட்டான். போன பிறகு வந்தால் வேலையை விட்டுவிடுவான். கணக்கெடுக்கப் போகிறவர் கண்ணில் படுவது தாக்குப்பிடித்து மிஞ்சியவர்கள் மட்டுமே. தொழில்சார் மருத்துவத்தில் இதற்கு ‘ஆரோக்கியத் தொழிலாளி விளைவு’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

நம் பக்கத்து உப்பு வேலையாட்களைப் பற்றிப் பேசும்போதும் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அகஸ்தீஸ்வரம் வட்டாரத்தில் புத்தளம், சுவாமிதோப்பு, தாமரைக்குளம் எல்லாம் உப்பளத்துக்குப் பேர்போன ஊர்கள். தூத்துக்குடியோடு ஒப்பிட்டால் சிறிய அளம்தான். இரண்டு பருவமழையும் தொடுகிற மாவட்டமாதலால் உப்பு விளையக் கிடைக்கும் வெயில் நாட்கள் குறைவு. வைகாசி கடைசியில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை. நடுவில் கிடைத்த வெயிலில் வாரியதுதான் உப்பு.

பாத்தி ஓரத்தில் நின்று பார்த்தால் உப்பின் வேதியியல் முழுவதும் கண்முன்னே நடக்கும். கடல்நீர் உள்ளே வரும்போது அடர்த்தி மூன்று டிகிரி சொச்சம். அளத்தில் இருப்பவர்களுக்கு டிகிரி என்றால் வெயில் அல்ல, தண்ணீரில் மிதக்கும் அளவுகோல் காட்டும் எண். பாத்தி பாத்தியாக நகர்த்தி வெயிலில் வற்ற வற்ற எண் ஏறும். பாதி வழியில் ஜிப்சம் படியும். ஏறத்தாழ 25 டிகிரியில் நீரின் மேல் மெல்லிய ஆடைபோல உப்பு பூக்கும்; பூத்தது கனத்து அடியில் விழும். அதைப் பலகையால் இழுத்து வாரி வரப்பில் குவிப்பார்கள். 30 டிகிரிக்கு அருகில் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் நிற்கும் நீரில் மக்னீசியம் ஏறிக் கசக்கும். சேர்த்து வற்றவிட்டால் உப்பும் கசக்கும். கடைசிப் பாத்தி நீர் சில சமயம் ரோஜா நிறத்தில் இருக்கும். உப்பைக் குடித்தே வாழும் நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் பெருகியதால் வந்த நிறம் அது. உப்பு இருக்கிற இடத்தில் கிருமி தங்காது என்று உப்பறைக்காரர்கள் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு அந்த ரோஜா நிறம்தான் ஞாபகம் வரும்.

இந்த நீரிலும் காற்றிலும் வெறுங்காலோடு நாளெல்லாம் நின்ற பெண்களுக்கும் ஆண்களுக்கும் தோல் எப்படி இருந்தது? குதிகால் வெடிப்பு, விரலிடுக்குப் புண், ஒரு சிறு கீறல்கூட ஆறாமல் அரித்துக்கொண்டே இருப்பது, வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயிலால் கண் எரிச்சல். தோல் நோய்க்கு உப்பு மருந்து என்றால், அதிக மருந்து வாங்கியவர்கள் இவர்கள்தான்.

மூச்சு வழியாகப் போன உப்பைப் பற்றி ராஜஸ்தானில் ஓர் ஆய்வே நடந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஜோத்பூர் மையத்தைச் சேர்ந்தவர்கள் உப்பு வேலையாட்களைப் பரிசோதித்து 2005-இல் எழுதினார்கள். பாத்தியில் நிற்பவர்களைவிட, உப்பு அரைக்கும் ஆலைப் பக்கம் வேலை பார்த்துத் தூசியைச் சுவாசித்தவர்களுக்கு ரத்த அழுத்தம் கூடுதலாக இருந்தது. முகமூடியும் கண்ணாடியும் கொடுத்துச் சில நாள் வேலை செய்யச் சொன்னபோது அழுத்தம் இறங்கியது. ஆலைத் தூசியும் உப்பறைத் தூசியும் அளவில் ஒன்றல்ல. அங்கே மூட்டை மூட்டையாகப் பறக்கும். ஆனாலும் அரைத்த உப்பை மூச்சில் இழுப்பது என்ற செயல் இரண்டுக்கும் பொது. ஓரிடத்தில் அதைத் தடுக்க முகமூடி கொடுக்கிறோம், இன்னோரிடத்தில் கட்டணம் வாங்கிக்கொண்டு தருகிறோம்.

இப்போது உப்பறைக்குள் போவோம். முதலில் அந்தச் சுவர். உப்பு உருகவே 801 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அறை வெப்பத்தில் அது ஆவியாகாது. உப்புப் பாளத்தின் முன்னால் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாலும் அதிலிருந்து காற்றுக்கு வருவது ஒன்றுமில்லை. உப்பு விளக்கு என்று பல்பு வைத்து விற்கிறார்களே, அதற்கும் இதே கதிதான். இளஞ்சிவப்புக்குக் காரணம் கொஞ்சம் இரும்பு. மற்றபடி அதுவும் புத்தளம் உப்பும் சோடியம் குளோரைடுதான். சுவர் அழகுக்கு. வேலை நடப்பது மூலையில் இருக்கும் இயந்திரத்தில்.

இயந்திரம் அரைக்கும் துகளின் அளவு முக்கியம். பத்து மைக்ரானுக்கு மேற்பட்டது மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிக்கொள்ளும். ஒன்று முதல் ஐந்து மைக்ரான் வரை உள்ளதே நுரையீரல் கிளைகளுக்குள் இறங்கும். தலைமுடியின் தடிமன் சுமார் எழுபது மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் எவ்வளவு பொடிசு என்பது புரியும். நல்ல இயந்திரம் அந்தப் பொடிசைத் தருகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது நீரை இழுத்துத் தானே கரைந்து துளியாகிவிடும். ஆனி ஆடியில் நாகர்கோவில் அடுக்களைகளில் உப்பு ஜாடி வேர்ப்பது இதனால்தான். ஆக, நம் ஊரில் உப்பறை கட்டினால் முதல் செலவு ஈரம் வடிக்கும் ஏசிக்கு. மூச்சுக்குழாயிலோ ஈரம் கிட்டத்தட்ட நூறு சதவீதம். உள்ளே போன உலர் துகள் வழியிலேயே நீரைக் குடித்துச் சில மடங்கு பருக்கும். பருத்தது ஆழத்துக்குப் போகும் முன்பே மேல் கிளைகளில் ஒட்டிக்கொள்ளும்.

சரி, ஒட்டுகிற உப்பு எவ்வளவு? ஹாலோதெரபி அறைகளில் ஒரு கன மீட்டர் காற்றில் சில மில்லிகிராம் முதல் பத்து மில்லிகிராம் வரை உப்பு இருக்கும் என்கிறார்கள். பெருந்தன்மையாகப் பத்தே என்று வைப்போம். சாய்ந்திருக்கும் ஆள் நிமிடத்துக்கு ஏழு லிட்டர் காற்று இழுப்பார். 45 நிமிடத்துக்கு முந்நூறு லிட்டர் சொச்சம், அதாவது கன மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. உள்ளே போகும் உப்பு மூன்று மில்லிகிராம். அதிலும் ஒரு பகுதி வெளிமூச்சில் திரும்பிவிடும்.

மணக்குடிப் பாலத்துக்காரரின் கேலிக்கு இப்போது பதில் சொல்லலாம். அலை உடையும்போது நீருக்குள் சிக்கிய காற்று குமிழ்களாக மேலே வந்து வெடிக்கிறது. ஒவ்வொரு வெடிப்பிலும் நுண்துளிகள் தெறிக்கின்றன. அவை காய்ந்து உப்புத் துகளாகக் காற்றோடு வருகின்றன. கடலோரக் காற்றில் கன மீட்டருக்குச் சில பத்து மைக்ரோகிராம் உப்பு இருக்கும். நாள் முழுக்க அங்கேயே இருந்தாலும் மூச்சில் போவது அரை மில்லிகிராம்கூட வராது. அந்த விஷயத்தில் உப்பறை ஜெயித்துவிட்டது. ஒரு அமர்வு பல நாள் கடற்கரைக்குச் சமம்.

ஆனால் மருத்துவமனையில் உப்பை மருந்தாகவே கொடுக்கிறார்கள், அந்த அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று ஒரு பரம்பரை நோய். வெள்ளைக்காரர்களிடம் அதிகம், நம்மிடம் குறைவு. மூச்சுக்குழாயில் சளி பசைபோல இறுகி, கிருமி குடியேறி, நுரையீரலைக் கெடுக்கும். ஆஸ்திரேலியாவில் இந்த நோய் உள்ள இளைஞர்களில் கடலலையில் சறுக்கி விளையாடுகிறவர்களுக்கு மூச்சு நன்றாக இருப்பதை மருத்துவர்கள் கவனித்தார்கள். அங்கேயே நிறுத்தி ‘கடல் நல்லது’ என்று பலகை மாட்டவில்லை. 164 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 7 சதவீத உப்புநீரும் மறு பாதிக்குச் சாதாரண அடர்த்தி உப்புநீரும் தினம் இரு வேளை நெபுலைசரில் கொடுத்து 48 வாரம் பார்த்தார்கள். 2006-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் முடிவு வந்தது. நுரையீரல் திறன் ஏறும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் நோய் முற்றிப் படுக்கும் தடவைகள் நன்றாகக் குறைந்தன. உப்பு எப்படி வேலை செய்கிறது என்பதும் தெளிவாக இருக்கிறது: அடர்ந்த உப்பு பக்கத்துத் திசுவிலிருந்து நீரை இழுக்கும், இறுகிய சளி இளகும், மூச்சுக்குழாயின் மயிரிழைகள் அதைத் தள்ளி வெளியேற்றும்.

ஒரு வேளைக்கு 4 மில்லி லிட்டர், 7 சதவீதம். கணக்குப் போட்டால் 280 மில்லிகிராம் உப்பு. நெபுலைசரில் பாதிக்கு மேல் வீணாகும் என்றாலும் உப்பறையின் மூன்று மில்லிகிராம் எங்கே, இது எங்கே! உப்புக்குச் சளி இளக்கும் சக்தி உண்டு என்று நிரூபித்த ஆய்வைக் காட்டி, அதில் நூறில் ஒரு பங்கு உப்பு தரும் அறைக்கு ஆள் சேர்ப்பது நியாயமான வாதம் அல்ல.

அந்த ஆய்வில் இன்னொரு விவரம் இருக்கிறது, அதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. ஒவ்வொரு வேளையும் உப்புநீருக்கு முன்னால் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்தார்கள். ஏனென்றால் அடர்ந்த உப்பு மூச்சுக்குழாயைச் சுருக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இன்னும் கடுமையாகச் சுருக்கும். எவ்வளவு நிச்சயமாகச் சுருக்கும் என்றால், ஒருவருக்கு ஆஸ்துமா இருக்கிறதா என்று கண்டுபிடிக்கவே 4.5 சதவீத உப்புநீர்ப் புகையைச் சுவாசிக்கவைத்துப் பார்க்கும் பரிசோதனை ஒன்று இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். ஊதும் திறன் 15 சதவீதம் இறங்கினால் ஆஸ்துமா என்று கொள்வார்கள். ஆக, சளி கட்டிய நுரையீரலுக்கு உதவும் உப்பு, சுருங்கத் தயாராக இருக்கும் நுரையீரலுக்குத் தொந்தரவு. உப்பறை அளவு குறைவு என்பதால்தான் பெரும்பாலும் விபரீதம் நடப்பதில்லை. பலனுக்குப் போதாத அளவு, கெடுதலுக்கும் போதவில்லை.

நேரடிச் சோதனைகள் என்ன சொல்கின்றன? உலகெங்கும் வந்த ஆய்வுகளைச் சலித்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2001-இல் ஆஸ்துமாவுக்கான குகைச் சிகிச்சையை எடுத்துக்கொண்டது. தேறியவை மூன்று சோதனைகள், மொத்தம் 124 குழந்தைகள். முடிவு சொல்லப் போதாது என்றார்கள். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு 2014-இல் வேறொரு குழு 151 கட்டுரைகளைப் புரட்டியது. குலுக்கல் முறையில் நடந்த சோதனை ஒன்றே ஒன்று. உப்பறைக்குச் சாதகமாகக் காட்டக்கூடியது 2017-இல் இஸ்ரேலில் வந்த ஒரு சிறு ஆய்வு. லேசான ஆஸ்துமா உள்ள 55 குழந்தைகள். 29 பேருக்கு உப்பு ஊதும் அறை, 26 பேருக்கு உப்பில்லாத அறை. ஏழு வாரத்தில் 14 அமர்வு. உப்பு வாங்கிய குழந்தைகளுக்கு மூச்சுக்குழாயின் கூச்சம் கொஞ்சம் குறைந்தது, பெற்றோர் சொன்ன நலமும் கூடியது. ஊதும் திறனிலும் அழற்சி அளவிலும் மாற்றமில்லை. தள்ளிவிடவும் முடியாது, பிடித்துக்கொள்ளவும் முடியாது. பெரிய ஆய்வு ஒன்று வேண்டும். இப்படிப்பட்ட ஆய்வில் தொல்லை என்னவென்றால், எந்த அறையில் இருக்கிறோம் என்பதை நோயாளியிடமிருந்து மறைப்பது. உதட்டை நக்கிப் பார்த்தால் தெரிந்துவிடுமே.

போய்விட்டு வந்தவர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்களே, அது பொய்யா என்றால், இல்லை. முக்கால் மணி நேரம் போன் இல்லாமல், புகை இல்லாமல் சாய்ந்து மெதுவாக மூச்சுவிட்டால் யாருக்கும் இதமாக இருக்கும். அந்த அறையின் காற்று உலர்ந்தது என்பதையும் மறக்க வேண்டாம். நம் மாவட்டத்தில் இழுப்பைத் தூண்டும் பொருள்களில் வீட்டுத் தூசியில் இருக்கும் உண்ணிப் பூச்சிக்குப் பெரிய இடமுண்டு. கண்ணுக்குத் தெரியாத எட்டுக்கால் பிராணி. மெத்தை, தலையணை, பழைய துணி மூட்டையில் நாம் உதிர்க்கும் தோலைத் தின்று வாழும். அது தண்ணீரைத் தேடிப் போய்க் குடிப்பதில்லை. முன்காலின் அடியில் உள்ள சுரப்பியில் உப்புக் கரைசல் ஒன்றை வைத்திருக்கிறது. சோடியம் குளோரைடும் பொட்டாசியம் குளோரைடும் கலந்தது. காற்றின் ஈரத்தை அந்த உப்பு இழுக்க, இழுத்ததை அது விழுங்கும். ஈரப்பதம் எழுபது சதவீதத்துக்குக் கீழே நாள் கணக்கில் நின்றால் உப்பால் ஈரத்தை இழுக்க முடியாமல் பூச்சி காய்ந்து செத்துப்போகும். கடலோர வீடுகளில் அப்படி உலர்ந்த நாட்கள் அபூர்வம். உப்பறைக்குத் தரும் காசில் மெத்தைக்கு ஜிப் வைத்த உறை தைத்து, விரிப்பை வாரம் ஒருமுறை கொதிக்கும் நீரில் அலசி வெயிலில் போடுவது நுரையீரலுக்குச் செய்யும் உருப்படியான காரியம். அண்டிக் கொட்டை வறுக்கும் புகையும் கயிற்று நார்த் தூசியும் பக்கத்தில் இருந்தால் அதைக் கவனிப்பதும் அப்படியே.

நல்ல காற்று நோயை ஆற்றும் என்ற நம்பிக்கைக்கு நம் மாநிலத்தில் ஒரு பெரிய சோதனையே நடந்திருக்கிறது. காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில் சானடோரியம்தான் கதி. ஊருக்கு வெளியே, மரமும் காற்றும் உள்ள இடத்தில் கட்டுவார்கள். இன்று நாகர்கோவில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கும் ஆசாரிபள்ளமும் முன்பு காசநோய் ஆஸ்பத்திரிக்கு அறியப்பட்ட இடம். மருந்துகள் வந்த பிறகு 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கியது. 193 நோயாளிகள். சிலர் சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, நல்ல காற்று, முழு ஓய்வோடு. சிலர் நெருக்கடியான தங்கள் வீட்டிலேயே. இரு பக்கத்துக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. 1959-இல் முடிவு வந்தபோது இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு குணம். சானடோரியக் காற்று சேர்த்தது மிகக் கொஞ்சம். உலகம் முழுக்கக் காசநோயாளிகள் வீட்டில் இருந்தே மருந்து சாப்பிடலாம் என்று ஆனது இந்தச் சென்னை ஆய்வால். காற்று இதமாக இருந்தது பொய்யல்ல. குணமாக்கியது மாத்திரை.

தோலுக்கு வருகிறேன். அறைக்குள் மிதக்கும் பொடி தோலில் படிவது கைக்குட்டையால் தட்டினால் போய்விடும் அளவு. அதனால் சோரியாசிஸ் மாறும் என்று நம்புவதற்கு எந்த அடிப்படையும் எனக்குத் தெரியவில்லை. உப்புக் குளியல் வேறு கதை. சாக்கடலில் குளித்து வெயிலில் கிடந்தால் சோரியாசிஸ் தணிவது பல காலமாகத் தெரிந்த விஷயம். கடல்மட்டத்துக்கு 430 மீட்டர் கீழே இருப்பதால் அங்கே காற்று கனம். சூரியனின் எரிக்கும் கதிர் சற்று மட்டுப்பட்டே வருகிறது, நெடுநேரம் கிடக்கலாம். புற ஊதாக் கதிர்தான் அங்கே முக்கிய மருந்து. உப்புநீர்க் குளியலும் செயற்கைப் புற ஊதா விளக்கும் சேர்ந்தால் விளக்கு மட்டும் தருவதைவிடச் சற்றே கூடுதல் பலன் கிடைக்கலாம் என்றும், சான்று பலவீனமானது என்றும் 2020-இல் காக்ரேன் சொன்னது. சாக்கடல் உப்பில் சோடியத்தைவிட மக்னீசியம் தூக்கல். ஐந்து சதவீத சாக்கடல் உப்புக் கரைசலில் ஒரு கையையும் வெறும் நீரில் மறு கையையும் கால் மணி நேரம் நனைத்துப் பார்த்த ஜெர்மானிய ஆய்வு ஒன்றில் உப்பில் நனைந்த வறண்ட தோல் மிருதுவாகி ஈரம் தாங்கியது. புத்தளத்தில் வாரி முடித்த பின் கசக்கிறது என்று வெளியே விடுகிறார்களே, அந்த நீர் கடல்நீரைவிடச் சாக்கடலுக்கு நெருங்கிய சொந்தம். யாராவது பாட்டிலில் அடைத்து விற்க இறங்கும் முன் சொல்லிவிடுகிறேன்: சாக்கடலில் அரிதான சல்பேட் இதில் நிறைய உண்டு, பாத்தி அழுக்கும் உண்டு.

கரப்பானுக்கு உப்பு என்பதிலும் யோசிக்க இடமிருக்கிறது. கரப்பான் பிடித்த தோலில் அடர்த்தியாகக் குடியிருப்பது ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. ஆய்வுக்கூடத்தில் மற்றக் கிருமிகளை ஒதுக்கி இதைப் பிரித்தெடுக்கப் பயன்படும் ஊடகத்தில் 7.5 சதவீதம் உப்பு போடுவார்கள்; மற்றவை திணறும், இது வளரும். உப்பால் கொல்ல நினைக்கும் கிருமி, உப்பைத் தாங்குவதில் தேர்ந்த கிருமி. 2019-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் கரப்பான் பட்ட இடத்துத் தோலில் சோடியம் மிக அதிகமாக இருப்பதையும், ஒவ்வாமையைத் தூண்டும் ரத்த அணுக்களை உப்பு உசுப்புவதையும் காட்டினார்கள். அது உள்ளிருந்து வந்த உப்பா, எந்த வழியில் சேர்ந்தது என்பது இன்னும் ஆய்வில் இருக்கிறது.

வீட்டு உப்பு வைத்தியத்தில் எதைத் தொடரலாம்? தொண்டை கரகரப்புக்கு உப்புநீரில் கொப்பளிப்பது இதம். வறுத்த உப்பைத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பதில் வேலை செய்வது சூடு. உப்பு சூட்டைப் பிடித்துவைக்கிறது, அதுவும் தேவைதான். மார்பில் இந்துப்பு கலந்த எண்ணெய் தடவி வேது பிடிப்பது ஆயுர்வேதத்தில் சரகர் காலத்திலிருந்தே இழுப்புக்குச் சொல்லப்பட்டது. சூட்டில் கொஞ்சம் சளி இளகும், திணறிக்கொண்டிருப்பவருக்கு அது போதாது. மூக்கடைப்புக்கும் சைனஸுக்கும் உப்புநீரால் மூக்கு கழுவுவதற்கு ஓரளவு நல்ல சான்று இருக்கிறது. உப்பறை சொல்லும் பலனில் இதுதான் மிகப் பக்கம் வருவது, செலவும் இல்லை. ஒரு லிட்டர் நீருக்கு ஒன்பது கிராம் உப்பு. நீரை நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவைத்தே எடுக்க வேண்டும். கிணற்று நீரையோ குளத்து நீரையோ அப்படியே மூக்கில் ஏற்றக் கூடாது. 2024-லும் 2025-லும் கேரளத்தில் பலரைக் கொன்ற மூளை தின்னும் அமீபா பெரும்பாலும் மூக்கு வழியாகவே ஏறுகிறது.

உப்பறைக்குப் போயே தீருவேன் என்பவர் இன்ஹேலரை நிறுத்திவிட்டுப் போகக் கூடாது, பையிலேயே வைத்திருக்க வேண்டும். இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்று நம் ஊரில் பயமுறுத்துகிறவர்கள் நிறைய. அதில் ஒரு தடவைக்கு வருவது மைக்ரோகிராம் கணக்கில் மருந்து, நேராகப் போக வேண்டிய இடத்துக்கு. வாய்வழி மாத்திரையைவிடக் குறைவு. காய்ச்சல், ரத்தம் கலந்த சளி, இரண்டு வாரத்துக்கு மேல் விடாத இருமல் என்று எது இருந்தாலும் முதலில் அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை, செலவில்லை. சளி வரவில்லை என்றால் மூன்று சதவீத உப்புநீர்ப் புகையைச் சில நிமிடம் சுவாசிக்கவைத்துச் சளியை வரவழைக்கும் முறை உண்டு. பக்கத்தில் மூச்சை விரிக்கும் மருந்தோடு செவிலியர் நிற்பார்.